கொல்லிமலைச் சாமை எங்கே போயிற்று?

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் காசாசையில் பழைய தானியத்தைக் கைவிட்டார்களாம்! இப்படிச் சில கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: கைவிட்டது மக்களா, கைவிட வைத்தது யார்?

சாமையை உரலிலிட்டு உமி போக்கி ஓய்ந்தவர்கள் பெண்கள். அந்தத் தானியத்துக்கு நல்ல விலை சொல்ல ஆளில்லை. மரவள்ளிக்கோ சமவெளியில் சேகோ ஆலைகள் காத்திருந்தன. பிள்ளையின் படிப்புக்கும் மருந்துக்கும் ரொக்கம் தேடும் குடும்பம் வேறென்ன செய்யும்?

கிழங்கை விளைவிப்பவர் மலை விவசாயி; அதன் மாவுச்சத்தைப் 'பாயிண்டு' கணக்கில் அளந்து விலை வைப்பவர் ஆலைக்காரர். ஆலைக்காரர்களுக்கு 1981 முதல் சேலத்தில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. விவசாயியோ தரகர் முன் தனியாக நிற்கிறார். விலை விழுந்தால் கடன். கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை அடித்தால் மேல்மண்ணும் போச்சு!

2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை கொண்டாடியது. நகரத்துக் கடையில் சாமைக்குப் பளபளப்பான பை கிடைத்தது. விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது?

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளர்களே! கூலியை முதலாளி மட்டுமே நிர்ணயித்தால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம். மலையிலும் அதே கதைதான். மலை நிலத்தை ஆராய வருவோர் ஆலைத் தராசையும் ஆராயட்டும்!

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரியவர்க்கெல்லாம் பட்டா, சாமைக்குக் கட்டுப்படியாகும் விலை, கிழங்கு விலையைப் பேச விவசாயிகளின் சொந்தச் சங்கம் வேண்டும். இவை இருந்தால், எதை விதைப்பது என்பதை மலை மக்களே முடிவு செய்வார்கள்!