அந்திப் பதற்றமும் அரசின் பாராமுகமும்

1898இல் பெங்களூரைப் பிளேக் சூறையாடியது. நெரிசலான குடியிருப்புகளே நோய்க்கு விளைநிலம் எனக் கண்ட காலனி நிர்வாகம், காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளுடன் ஒரு புறநகரை அமைத்தது. அதுவே பிரேசர் டவுன். மக்கள் நலனில் அக்கறையற்ற அந்த ஆட்சியால்கூட, நோய்த்தடுப்பைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் கட்டிவிட முடியவில்லை.

இன்று புலகேசி நகர் எனப் பெயர் மாறிய அப்பகுதியின் வீடுகளிலும், மாலை ஐந்து மணியானால் மறதிநோய் கண்ட முதியோர் அமைதி இழக்கின்றனர். சொந்த வீட்டில் நின்றபடியே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்கின்றனர். மகளை அந்நியராகக் கண்டு அஞ்சுகின்றனர்.

இது பிடிவாதமன்று. உடலின் நாள்கடிகாரத்தை இயக்கும் மூளைப்பகுதி சிதைகிறது. பகலின் களைப்பு, மங்கும் ஒளியில் நீளும் நிழல்கள், சொல்லத் தெரியாத வலி, தாகம் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. தணிக்கும் வழிகளும் அறியப்பட்டவையே: காலை வெயிலில் நடை, பிற்பகலில் காப்பியும் நீண்ட உறக்கமும் தவிர்த்தல், இருட்டுமுன் விளக்கேற்றுதல், மறுத்து வாதிடாமல் மனத்தை வேறொன்றில் திருப்புதல். குழப்பம் திடீரென மிகுந்தால், சிறுநீர்த்தொற்று உண்டா என மருத்துவர் பார்க்க வேண்டும்.

இவற்றுக்குத் தேவை விலையுயர்ந்த கருவியன்று. ஒரு மனிதரின் நேரம். யாருடைய நேரம்? வசதி படைத்தோர் பராமரிப்புப் பெண்ணின் மாலைப்பொழுதை விலைக்கு வாங்குகின்றனர். அந்தப் பெண் தன் மாமியாரை யாரிடம் விடுவார்? வேலையை விட்டால் கூலி போகும். விடாவிட்டால் பூட்டிய கதவு, அல்லது மயக்கும் மாத்திரை. மனநோய் மருந்துகள் இம்முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது.

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஒன்றிய அரசின் பதில் என்ன? 79 வயதுவரையிலான ஏழை முதியோரின் ஓய்வூதியத்தில் அதன் பங்கு மாதம் 200 ரூபாய். 70 வயது கடந்தோருக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என 2024இல் முழங்கினார்கள். அது மருத்துவமனைப் படுக்கைக்கு மட்டுமே. வீட்டின் மாலைப்பொழுதுக்கு ஒரு காசும் இல்லை. அந்த இடத்தை நிரப்பக் "குடும்பப் பாசம்" என்ற புகழுரை. அதன் பொருள் பெண்களின் கூலியில்லா உழைப்பு.

நிம்ஹான்ஸ் இருக்கும் நகரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அது தெருவுக்கு வர வேண்டும். வார்டுதோறும் இரவு எட்டு மணிவரை இயங்கும் அரசுப் பராமரிப்பு மையம், ஆஷா ஊழியர்களுக்குப் பயிற்சியும் மதிப்பூதியத்துக்குப் பதில் முறையான ஊதியமும், வீட்டுப் பணியாளருக்குச் சட்டப் பாதுகாப்பு ஆகியவை சலுகைகளல்ல, உரிமைகள். பிளேக்கை எதிர்த்து ஓர் ஊரையே கட்டிய நகரத்தில், மறதிநோயருக்கு வார்டுக்கொரு கூடம் கட்ட முடியாது என்பது பொய். மனமில்லை என்பதே உண்மை. அந்த மனத்தை வரவழைப்பது மக்கள் போராட்டமே.