முட்டைக்குச் சட்டை போடாதேங்கோ

உக்ரைனில் உயிர்த்த ஞாயிறு நெருங்கினால் கடைகளுக்கு ஒரு பொருள் வந்துவிடும்: பூவேலைப்பாடு அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் உறை. அவித்த முட்டையை அதற்குள் விட்டு, கொதிதண்ணிக்குள் சில செக்கன் அமிழ்த்தினால் உறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வேலை முடிஞ்சுது. பக்கத்தில் நிண்ட பிள்ளை என்ன செய்தது? பார்த்துக்கொண்டு நிண்டது.

இந்த உறையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். உக்ரைன் முட்டையில உங்களுக்கென்ன வேலை எண்டு கேப்பியள். பண்பாட்டை மேடையில ஏத்திவிட்டு, பிள்ளையளைக் கீழ இருத்திக் கைதட்டச் சொல்லுற வழக்கம் எங்களிட்டையும் இருக்கு. அதுதான் கதைக்கிறம்.

அங்கே முட்டைக்கு நிறமூட்டுவதில் இரண்டு வகை முக்கியம். அவித்து ஒரே நிறத்தில் தோய்ப்பது 'கிராஷன்கா'. அதைச் சாப்பிடலாம். மற்றது 'பிசன்கா'. 'எழுது' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். அவிக்காத முட்டையில், நுனியில் சின்னப் புனல் பூட்டிய குச்சியால் உருகிய தேன்மெழுகைக் கோடாக எழுதுவார்கள். எங்கட பற்றிக் துணி மாதிரித்தான், மெழுகு மூடிய இடத்தில் நிறம் ஏறாது. வெள்ளையாக இருக்கவேண்டியதை மூடி மஞ்சளில் தோய்த்து, மஞ்சளை மூடிச் சிவப்பில் தோய்த்து, கடைசியில் கறுப்பு. பிறகு மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தில் பிடித்து மெழுகைத் துடைத்தால் எல்லா நிறமும் ஒண்டாய்த் தெரியும்.

சோவியத் காலத்தில் இது சமயச் சடங்கென்று அடக்கப்பட்டது. அப்படியும் அழியவில்லை. ஊரிலும் கனடா, அமெரிக்கா எனப் புலம்பெயர்ந்த வீடுகளிலும் அம்மாவும் அம்மம்மாவும் பிள்ளைகளின் கையில் குச்சியைக் கொடுத்தார்கள். கனடாவின் வெக்ரெவில் நகரில் 1975 முதல் இராட்சத முட்டைச் சின்னம் நிற்கிறது. உக்ரைனின் கொலோமியாவில் 2000இல் முட்டை வடிவ நூதனசாலையே கட்டினார்கள். 2024இல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டியல் எந்தப் பிள்ளைக்கும் மெழுகு உருக்கப் பழக்காது.

"போர் நடக்குது, தாய்மார் களைச்சுப் போச்சினம், ஆருக்கு நேரம்?" எண்டு சொல்லுவினம். நியாயமான கேள்வி. 2022 படையெடுப்புக்குப் பிறகு இலட்சக்கணக்கான தாய்மாரும் பிள்ளைகளும் நாடுவிட்டுப் போனார்கள். இடம்பெயரும்போது பெட்டியில் முட்டை உடையும், கைப்பழக்கம் உடையாது எண்டதை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. களைத்த தாய் மட்டும் ஏன் செய்யவேணும்? இது காலகாலமாகப் பெண்களின் தலையில் கட்டின வேலை. அப்பாமாரும் பெடியளும் குசினிக்குள் வரட்டும்.

பிசன்கா கஷ்டமெண்டால் கிராஷன்காவில் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் தோல், கொஞ்சம் வினாகிரி, தண்ணி. ஒரு சின்ன இலையை முட்டையில் ஒட்டி, பழைய காலுறைத் துணியால் இறுக்கிக் கட்டி அவித்தால், செம்மண் நிறத்தில் இலையின் அச்சு வெளிறி நிற்கும். உறைக்குக் குடுக்கிற காசும் மிச்சம்.

பிள்ளை ஒண்டிரண்டை உடைக்கும். கோடு கோணலாகப் போகும். போகட்டும். கோணல் கோடு கீறின பிள்ளைக்கு அடுத்த வருசம் எங்க கை நடுங்கக்கூடாது எண்டு தெரியும். உறை போட்ட பிள்ளைக்குக் கடை எங்க இருக்கெண்டு மட்டும்தான் தெரியும்.