பந்து உதைப்பவனும் தொழிலாளியே!

கால்பந்து ஆட்டக்காரன் என்றால் பணத்தில் புரள்கிறவன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்திரிகைகளும் அப்படித்தான் படம் போடுகின்றன. ஒரு சிலருக்கு அது பொருந்தலாம். மற்றவர்கள் கதி என்ன? பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து, முழங்கால் தேய்ந்தபின், அதே மைதானத்தின் ஓரத்தில் உதவிப் பயிற்சியாளராக நிற்பவனைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? நாம் எழுதுவோம். அவனும் நம்மைப் போல் உடலுழைப்பை விற்றுப் பிழைப்பவன்தான்.

நமது சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. சையத் சபீர் பாஷா, இந்தியன் வங்கி அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். இந்தியாவுக்காகவும் ஆடியவர். பிறகு சென்னையின் எஃப்.சி. அணியில் உதவிப் பயிற்சியாளரானார். 2018 மார்ச் 17இல் அந்த அணி பெங்களூர் அணியை 3-2 என்று அதன் சொந்த ஊரிலேயே வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை எடுத்தது. கொட்டை எழுத்தில் வந்த பெயர் தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகோரியுடையது. 2022 பிப்ரவரியில், பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் பாண்டோவிச் போனதும், மீதி ஆட்டங்களின் பொறுப்பு சபீர் பாஷா தலையில் விழுந்தது. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஆலையில் மானேஜர்கள் மாறுவார்கள், மேஸ்திரி நிற்பார். இங்கும் அதே கதைதான்!

அன்று சென்னையில் கால்பந்தை வளர்த்தவை எவை? ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கி, சுங்க இலாகா போன்றவை. ஆட்டக்காரனுக்கு அவை உத்தியோகம் கொடுத்தன. சம்பளம் பெரிதல்ல. ஆனால் கால் ஒடிந்தாலும் அடுப்பு எரியும். ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும்.

இன்று கிளப் ஆட்டக்காரன் கையில் இருப்பது சில வருஷ ஒப்பந்தக் காகிதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காண்டிராக்டரிடம் வேலை செய்யும் தோழருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

2025இல் நடந்ததைப் பாருங்கள். லீக்கை நடத்தும் உரிமை பற்றி அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், நடத்தி வந்த கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. லீக் நின்றது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தது. ஆலையில் இதற்குப் பெயர் கதவடைப்பு! மேலே இருவர் பேரம் பேசினார்கள். கீழே இருந்தவன் வீட்டில் அரிசிப் பானை காத்திருந்தது. 2026 பிப்ரவரியில்தான் லீக்கில் மறுபடி பந்து உருண்டது.

இது தலைவிதியா? இல்லை. இங்கிலாந்தில் 1960இல், எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்தாலும் ஆட்டக்காரனுக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் கிடையாது என்று விதி இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானது. 1961 ஜனவரியில் அந்த விதி ஒழிந்தது. நமது நாட்டிலும் 2006இல் பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று ஆட்டக்காரர் சங்கம் அமைத்தார். அது மேலும் பலப்பட வேண்டும். உதவிப் பயிற்சியாளர்களும், உடைகளைத் துவைப்பவரும், புல் வெட்டுபவரும் அணிதிரள வேண்டும்.

நாம் கேட்பது அதிகமல்ல. ஆட்டம் நின்றாலும் சம்பளம் நிற்கக் கூடாது. அடிபட்டவனுக்கு நஷ்டஈடும் வைத்தியமும் வேண்டும். பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நிரந்தர வேலை தர வேண்டும். ஆடி ஓய்ந்தவன் பயிற்சியாளர் படிப்புப் படிக்க சர்க்கார் உதவ வேண்டும்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளை நாம் தடுக்க வேண்டாம். அவர்கள் ஆடட்டும், ஜெயிக்கட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைப் படிக்கவும், கூட ஆடுபவனோடு சேர்ந்து நிற்கவும் சொல்லிக் கொடுப்போம். பதினொரு பேர் ஒன்றாக நின்றால்தான் அணி. இது மைதானத்துக்கு மட்டுமா பொருந்தும்?