உயிரணுக்கள் சென்ற இடம் காண்டல்

உயிருள்ள அணுக்களையே மருந்தாக உடலினுட் செலுத்தி, பழுதுற்ற உறுப்பினைச் செப்பனிடவும் புற்றுநோயை எதிர்க்கவும் முயலும் வைத்திய முறை நம் காலத்தில் வளர்ந்து வருகின்றது. இம்முறையில் எத்தனை உயிரணுக்கள் செலுத்தப்பட்டன என்பதினும், அவை எங்குச் சென்று சேர்ந்தன என்பதே முதன்மையான வினா என்பது எமது துணிபு.

இவ்வினாவிற்கு விடை காண ஒரு வழி உண்டு. செலுத்துவதற்கு முன்னர், உயிரணுக்களுக்கு மிக நுண்ணிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்களை ஊட்டுகின்றனர். பின்னர் நோயாளியை எம்.ஆர்.ஐ. என வழங்கும் காந்தப் படக் கருவியினுட் கிடத்துகின்றனர். உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள் காந்தப் புலத்தில் விடுக்கும் குறிப்பினைக் கொண்டு அக்கருவி படம் வரைகின்றது. இரும்பு ஏந்திய உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்த புலத்தைக் குலைத்தலால், அவை தங்கிய இடம் படத்திற் கருமையாகத் தோன்றும். எக்ஸ் கதிரின் உதவி இதற்கு வேண்டுவதில்லை.

இதன் பயனை 2005-ஆம் ஆண்டு ஹாலந்து தேசத்து நைமேகன் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தி நன்கு விளக்கும். மெலனோமா என்னும் புற்றுநோயுற்ற 8 பேருக்கு, உடலின் காவற்படைக்குப் பகையை அறிவிக்கும் டென்டிரைட்டிக் உயிரணுக்களை அவர்கள் நிணநீர்க் கணுக்களில் ஊசி வழியாகச் செலுத்தினர். ஒலியலைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி இடப்பட்டது. ஆயினும் காந்தப் படம் எடுத்து நோக்கியபொழுது, 4 பேரிடத்திலேயே மருந்து கணுவினுட் சேர்ந்திருந்தது. ஏனையோரிடத்து அது குறி தவறியிருந்தது. படம் எடாதிருந்தால் நேர்வது யாது? மருந்து பலிக்கவில்லை என்று பழி கூறியிருப்பர். பிழையோ மருந்தினதன்று, ஊசியினது. தம் கை தவறியதை உலகறிய உரைத்த அவ்வறிஞரின் நேர்மை, அவர்தம் கருவியினும் போற்றத்தக்கது.

எனினும், கண்டதெல்லாம் மெய்யென்று கொள்ளுதலும் பேதைமையே. உயிரணு இறந்தொழியினும் அதன் இரும்பு அழிவதில்லை. உடலின் துப்புரவாளராகிய வேறு அணுக்கள் அதனை விழுங்கிவிடும். அப்பொழுதும் படத்திற் கருமை தோன்றும். அது வாழ்வின் சுவடோ, சாவின் சுவடோ என்று படம் கூறாது. உயிரணு பிளந்து பெருகுங்கால் இரும்பு பங்கிடப்பட்டுக் குறியும் மங்கும். இரும்பிற்கு மாறாக ஃப்ளூரின் சேர்ந்த பொருளை ஊட்டி மனிதரிடத்துச் செய்த முதற் சோதனை 2014-இல் வெளிவந்தது. மென்தசைகளில் இயல்பாகக் காணத்தக்க ஃப்ளூரின் இன்மையால் ஐயம் குறைகின்றது. ஆயினும் மிகப் பல உயிரணுக்கள் ஒருங்கு கூடினாலன்றி அதுவும் புலப்படுவதில்லை.

ஆதலின், உயிரணு வைத்தியம் செய்ய முற்படுவோர் இரு கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். செலுத்தியது சேர்ந்ததா என்று தேடிக் காண்டல் ஒன்று. கண்டதற்கு மேற் கூறாமை மற்றொன்று. விதை தெளித்தவன் அது நன்னிலத்தில் வீழ்ந்ததோ, பாறையில் வீழ்ந்ததோ என்று நோக்காது விளைச்சலை வாக்களித்தல் தகுமா? நம்பி வந்த நோயாளிக்கு நம்பிக்கையை மாத்திரம் அளித்தல் போதாது. உண்மையையும் அளித்தல் வேண்டும். வைத்தியத் துறை புகக் கருதும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.