ரகசியத் தகவலின்பேரில்

நாளிதழ்களின் வேலூர்ப் பதிப்பில் வரும் கஞ்சாச் செய்திக்கு ஒரு வார்ப்பு உண்டு. போலீசாருக்கு ரகசியத் தகவல் கிடைக்கும். அதன்பேரில் எஸ்.ஐ. தலைமையில் வாகனச் சோதனை நடக்கும். சந்தேகப்படும்படி வந்த இருவரை மடக்கிப் பிடிப்பார்கள், பையில் இத்தனை கிலோ இருக்கும், நீதிமன்றத்தில் ஆஜர்படுத்திச் சிறையில் அடைப்பார்கள். அதிகாரியின் பெயரும் பதவியும் வரும். பிடிபட்டவரின் வயதும் தெருவும் சில சமயம் தகப்பன் பெயரும் வரும். தகவல் சொன்னவரின் பெயர் மட்டும் வராது. வரவும் கூடாது. ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர், ஏன் சொன்னார், சொன்ன பிறகு அந்தத் தெருவில் எப்படி நடமாடுகிறார் என்பதைச் செய்தியும் கேட்டதில்லை, சினிமாவும் கேட்டதில்லை.

சினிமா அந்த இடத்தில் ஒரு போலீஸ்காரரை வைத்துவிட்டது. 2007-ல் ‘போக்கிரி’யின் ரவுடி கடைசியில் ஐ.பி.எஸ். அதிகாரியாக நின்றபோது தியேட்டர் அதிர்ந்தது. 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யில் கடத்தல் கும்பலுக்குள் ஒரு போலீஸ்காரர், போலீசுக்குள் கும்பலின் ஆள். 2022 ஜூனில் வெளியான ‘விக்ரம்’ படத்தில் முகமூடிக்குப் பின்னால் இருப்பவர்கள் அரசே உருவாக்கிக் கைவிட்ட ரகசியப் படையினர். போதைக்கு எதிரான போரை நடத்துபவர் வேடமிட்டவர், பயிற்சி பெற்றவர், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் என்பதில் இந்தப் படங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

‘விக்ரம்’ படத்தில் மக்கள் அதிகம் கைதட்டிய இடங்களில் ஒன்று ஏஜென்ட் டீனா வரும் இடம். அதுவரை வீட்டு வேலை செய்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண், ஆட்கள் கொல்ல வந்ததும் உளவுப்படை வீராங்கனையாக மாறிச் சண்டையிட்டுச் சாகிறார். நாங்களும் அந்தக் காட்சியில் எழுந்து உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் படம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் வெறும் வீட்டு வேலைக்காரப் பெண்ணாகவே இருந்து, பார்த்ததைச் சொல்லி, அதற்காகச் செத்திருந்தால் நம் கதைகளில் அவருக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

பேரணாம்பட்டில் இருப்பவர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. நம் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது. பத்தலப்பல்லி சோதனைச் சாவடியைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் வி.கோட்டா, அங்கிருந்து கர்நாடகமும் தூரமில்லை. ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலேறித் தெற்கே வருகிறது. காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் ரயில் இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளை ரயில்வே போலீசார் எடுப்பது வாடிக்கையான செய்தி. சாத்கர் மலையில் சாராய ஊறலை அழித்த செய்தியோ எங்கள் தலைமுறைக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருக்கிறது. அழிக்கிறார்கள், மறுபடியும் காய்ச்சுகிறார்கள்.

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருக்கும் பெண்களுக்குத் தெரியும். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகக் காலையில் முனையில் நிற்பவர்களுக்குத் தெரியும். தோல் ஷாப்பில் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு, டீக்கடைக்காரருக்கு, பள்ளிவாசல் மோதினாருக்கு, சத்துணவு ஆயாவுக்குத் தெரியும். எந்தப் பையன் திடீரென்று புது பைக் வாங்கினான், எந்த மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிடைக்கிறது, பாலத்துக்கு அடியில் யார் கூடுகிறார்கள் என்பதெல்லாம் வேடம் போட்டு உள்ளே நுழைந்து அறிய வேண்டிய மர்மங்கள் அல்ல. “சொல்லிடலாம். நாளைக்கும் இதே தெருவுலதானே இருக்கணும்?” என்பதுதான் இங்கே பிரச்சினை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆம்பூரைத் தாண்டினால் வாணியம்பாடி. அங்கே 2021 செப்டம்பர் 10 அன்று மாலை, தொழுகை முடித்துத் திரும்பும் வழியில் வசீம் அக்ரம் வெட்டிக் கொல்லப்பட்டார். நகராட்சியின் முன்னாள் கவுன்சிலர், மனிதநேய ஜனநாயகக் கட்சியில் மாநிலப் பொறுப்பு வகித்தவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே ஊரில் ஒரு கிடங்கில் போலீஸ் சோதனை நடந்து கஞ்சாவும் ஆயுதங்களும் பிடிபட்டிருந்தன. அதற்குத் தகவல் கொடுத்தவர் இவர் என்ற பகைதான் கொலைக்குக் காரணம் என்று அப்போது போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. விவகாரம் சட்டமன்றம் வரை போனது. பிறகு தமிழ்நாடு அதை மறந்துவிட்டது. தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களில் யாரும் மறக்கவில்லை.

வசீம் அக்ரமுக்கு வேடம் இல்லை. பொய்ப் பெயர் இல்லை. ஆபத்து வந்தால் அழைக்க ஒரு மேலதிகாரி இல்லை. எல்லோருக்கும் தெரிந்த முகத்தோடு, எல்லோரும் நடக்கும் தெருவில் நடந்தவர். ஊரில் செல்வாக்கும் கட்சிப் பின்னணியும் உள்ள ஒருவருக்கே இந்தக் கதி என்றால், பீடி சுற்றும் அம்மா வாயைத் திறக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்?

1985-ல் இயற்றப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68-வது பிரிவு, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நல்ல பிரிவு. நீதிமன்றத்தில் அது காப்பாற்றும். ஆனால் பெயர் வெளியாவது நீதிமன்றத்தில் அல்ல. மனு கொடுத்த மறுநாள் தெருவுக்கு வந்து, “இங்க யாருப்பா கம்ப்ளெயின்ட் பண்ணது?” என்று உரக்கக் கேட்கும் ஏட்டிடம் வெளியாகிறது. மாமூல் வாங்குபவரின் செல்போனில் வெளியாகிறது. 10581 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள், பெயரை ரகசியமாக வைப்போம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்த அழைப்பை எடுப்பவர் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. தகவல் அங்கிருந்து கீழே இறங்கி உள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் வழியில்தான் ஓட்டைகள் இருக்கின்றன.

இது கஞ்சாவோடு நிற்கிற விஷயமும் அல்ல. மணல் கடத்தல் பற்றிப் புகார் செய்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று பகலில், தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கல்குவாரிகளுக்கு எதிராக மனு மேல் மனு கொடுத்த திருமயம் ஜகபர் அலி மீது 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றப்பட்டது. அரசு ஊழியர் ஒருவர், சமூக ஆர்வலர் ஒருவர். இருவரும் செய்த குற்றம், நேர்மையாகக் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மாவட்டத் தலைநகரின் நடுவே விற்ற சாராயம் அது. அங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை. உள்ளே ஊடுருவி உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு ரகசியப் போலீஸ் தேவைப்படவில்லை. தெரிந்ததைக் காதில் வாங்கிக்கொண்டு நடவடிக்கை எடுக்கும் சாதாரணப் போலீஸ் தேவைப்பட்டது. உண்மை ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிப் போக வீரன் வேண்டும் என்பது ரகசியப் போலீஸ் கதையின் அடிப்படை. எங்கள் அனுபவத்தில் உண்மை நடுத்தெருவில் கிடக்கிறது.

உண்மையிலேயே வேடமிட்டு வாழ்ந்த ஒரு போலீஸ்காரரின் சாட்சியமும் இருக்கிறது. இங்கிலாந்தின் நீல் வுட்ஸ் 1993 முதல் 14 ஆண்டுகள் போதைக் கும்பல்களுக்குள் ஊடுருவி வேலை செய்தவர். பலரைச் சிறைக்கு அனுப்பியவர். பணியை விட்ட பிறகு 2016-ல் புத்தகம் எழுதினார். போலீசின் உத்தி கூர்மையாக ஆக, கும்பல்களும் கொடூரமாயின, காட்டிக்கொடுப்பவர்களுக்கு எதிரான ஒரே பாதுகாப்பு சுற்றியிருக்கும் மக்களை நடுங்க வைப்பதே என்று கற்றுக்கொண்டன என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. வாணியம்பாடியை அறிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை. பிலிப்பைன்ஸில் 2016-ல் தொடங்கிய போதைப் போரில், வாங்குபவர்போல் நடித்துப் போனோம், அவன் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்ற ஒரே வாசகம் ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு விளக்கமாக எழுதப்பட்டது. 2017 ஆகஸ்டில் அப்படிச் சுட்டதாகச் சொல்லப்பட்ட 17 வயது மாணவனை, போலீசார் இழுத்துச் செல்வது கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்ததால் மட்டுமே மூன்று போலீசார் தண்டனை பெற்றார்கள்.

நம் படங்களிலும் கும்பலின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் விழுகிறார்கள். அவர்களுக்கு முகம் இல்லை. நிஜத்தில் பை தூக்கியவன் முகம் எங்களுக்குத் தெரியும். பள்ளியைப் பாதியில் விட்டவன், தோல் ஷாப்பில் கூலி வேலை பார்த்தவன், ஒரு தடவை போய் வந்தால் இரண்டு மாதச் சம்பளம் என்று யாரோ சொன்னதைக் கேட்டவன். கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 ஆண்டு. 37-வது பிரிவின்படி ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். அனுப்பியவனும் பணம் போட்டவனும் வழக்கில் வருவதில்லை. பை தூக்கியவனின் வாக்குமூலத்தை வைத்தே அவனைத் தண்டிப்பதும் நெடுங்காலம் நடந்தது. சென்னையில் தொடங்கிய துபான் சிங் வழக்கில்தான், இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கும் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சொல்வதால் கஞ்சா விற்பவனுக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் நாங்கள். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை, பசையையும் கரைப்பான்களையும் முகர்வது. ஷூ ஒட்டும் பசை புழங்கும் ஊர்களுக்கு அந்த வரி போதுமான எச்சரிக்கை. எந்தத் த்ரில்லரிலும் இதுவரை பசை டப்பா வரவில்லை.

படங்களே வேண்டாம் என்பது எங்கள் வாதம் அல்ல. ‘கைதி’யில் அன்றுதான் வேலையில் சேர வந்த நெப்போலியன் என்ற கான்ஸ்டபிள், லாக்கப்பில் இருந்த கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து கமிஷனர் அலுவலகத்தைக் காக்கிறார். பயந்துகொண்டே நிற்கும் அந்த மனிதருக்கு வேடம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார், அது ‘விசாரணை’ படமானது. அடிபட்டவரே எழுதியபோது போலீஸ் கதையின் திசையே மாறியது. தகவல் சொன்னவரின் கதையை யாராவது அப்படி எழுத வேண்டும்.

அரசிடம் கேட்பதும் தெளிவானது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது வழக்கில் சாட்சியாக வருபவருக்கானது. தகவல் சொல்லிவிட்டு, சாட்சிக்கூண்டு ஏறாமல் வீட்டில் இருப்பவருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரைக் கசியவிட்ட காவலர் மேல் இடமாற்றத்தோடு நிற்காமல் வழக்குப் பதிய வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனைப் பற்றிய தகவலை உள்ளூர் ஸ்டேஷனுக்கே விசாரணைக்கு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

அடுத்த இதழில் தகவல் சொன்னவர்களின் கதைகளுக்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று எங்கிருந்தும் எழுதலாம். சொன்னவர்கள் எழுதலாம், சொல்ல முடியாமல் போனவர்களும், பிள்ளையைச் சிறையில் வைத்திருக்கும் தாய்மார்களும் எழுதலாம். உருது, தெலுங்கில் எழுதினால் நாங்கள் தமிழாக்கிக்கொள்கிறோம். எழுத வராதவர்கள் வந்து சொன்னால் எழுதிக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயரும் தெருவும் அச்சில் வராது. கையெழுத்துப் படியை அச்சகத்துக்கு அனுப்பாமல் நாங்களே தட்டச்சு செய்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.