உங்கள் அளவு உங்களுக்குத் தெரியுமா?



உயரம் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். இடுப்பு எத்தனை அங்குலம் என்று கேட்டால்? "டெய்லரைத்தான் கேட்கணும் டீச்சர்" என்பீர்கள்!

நம் மாநிலத்தில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2012-13 முதல் ஆண்டுக்கு 4 செட் சீருடை என்று ஆனது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் அக்காமார் தைத்துத் தருகிறார்கள். பள்ளியில் அளவெடுக்கும் நாளில் பெரிய வேடிக்கை நடக்கும். டேப்பைக் கண்டதும் பையன்கள் மூச்சை இழுத்துப் பிடித்துப் பயில்வான் ஆகிவிடுவார்கள். பெரிய பெண்பிள்ளைகள் தோளைக் குறுக்கி நெளிவார்கள். பிறகு சட்டை சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டியதுபோல் தொங்கினால் யார் என்ன செய்ய முடியும்?

ஒருமுறை ஒரு சிறுமியின் இடுப்பளவைச் சத்தமாகச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவள் அழுதுவிட்டாள். நான் டேப்பை வாங்கி, எல்லார் முன்னாலும் என்னை அளந்து, கரும்பலகையில் "டீச்சர் 38" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் எழுந்து, "எனக்கு 22 டீச்சர், எழுதுங்க" என்றான். அன்று எல்லா எண்களும் பலகை ஏறின. அழுதவளும் தன் எண்ணைத் தானே எழுதினாள். அளவு என்பது மார்க் இல்லை. துணி வெட்டுவதற்கு வேண்டிய ஓர் எண், அவ்வளவுதான்.

அந்த எண்ணை வைத்து நீங்களே ஒரு பாவாடை தைக்கலாம். துணி வாங்க வேண்டாம். அம்மாவின் பழைய பருத்திச் சேலை போதும். நம் ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியில் நெய்கிறார்களே, அதுபோன்ற கைத்தறிச் சேலை என்றால் இன்னும் நல்லது. பலமுறை துவைத்த துணி இனிமேல் சுருங்காது. (அம்மாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். கேட்காமல் வெட்டினால் நான் பொறுப்பல்ல!)

நிமிர்ந்து, இயல்பாக மூச்சு விட்டபடி நில்லுங்கள். பாவாடை கட்டும் இடத்தில் டேப்பைச் சுற்றி, உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். டேப் இல்லையா? நூலால் சுற்றி ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இன்னொருவர் அளக்கட்டும். நீங்களே குனிந்து அளந்தால் தப்பாகும்.

இடுப்பு 24, உயரம் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவுக்கு இடுப்பைப்போல் மூன்று மடங்கு, அதாவது 72 அங்குலம். 2 மீட்டர் துணி தாராளம். சேலையின் கரை பாவாடையின் அடியில் வரட்டும். அடி மடிக்கும் வேலை மிச்சம். உயரம் 30, நாடா கோக்க மேலே ஒன்றரை, டக்குக்கு 4. மொத்தம் முப்பத்தைந்தரை அங்குலம். இரு ஓரங்களையும் சேர்த்து ஒரே தையல். மேலே 4 அங்குலம் மட்டும் திறந்திருக்கட்டும். மிஷின் வேண்டாம், ஊசி நூலே போதும். வெட்டி எடுத்த மீதியில் நாடா.

டக்கு ஏன்? உங்கள் வயதில் ஆண்டுக்குச் சுமார் 5, 6 சென்டிமீட்டர் உயருவீர்கள். 2 அங்குல ஆழத்துக்கு மடித்துத் தைத்தால் 4 அங்குலத் துணி அதற்குள் ஒளிந்திருக்கும். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்வந்த என் அம்மா, எனக்கு இப்படித்தான் தைத்தார். ஆண்டுதோறும் கொஞ்சம் பிரித்துவிடுவார். பிரித்த இடம் வெளுக்காமல் பளிச்சென்று தெரியும். தோழிகள் கேலி செய்தபோது வெட்கமாக இருந்தது. இப்போது அந்தக் கோடுகளை நினைத்தால், நான் எந்த வகுப்பில் எவ்வளவு வளர்ந்தேன் என்று அம்மா துணியில் எழுதிவைத்த கணக்காகத் தோன்றுகிறது.

பையன்களே, நழுவப் பார்க்காதீர்கள்! கம்பம், போடி கடைவீதிகளில் தையல் மிஷின் மிதிப்பவர்களில் எத்தனை பேர் அண்ணன்மார் என்று எண்ணிப் பாருங்கள். தங்கைக்கு அளவெடுத்துத் தையுங்கள். தங்கை இல்லாதவர்கள் தலையணை உறையிலிருந்து தொடங்கலாம்.

ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். தரையில் விழுந்தால் காலில் ஏறும். இன்றைய அளவைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு மறுபடி அளந்து, டக்கைப் பிரிக்க வேண்டுமா என்று பாருங்கள்.