பிள்ளைத்தாச்சிக்கு அரைப்பேரா?

கொழுந்து எடுக்கும் பெண் கர்ப்பமானதும் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதாக எந்தத் தோட்ட நிர்வாகமும் கடிதம் கொடுப்பதில்லை. கொடுக்கவும் முடியாது. கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலைநீக்கம் செய்வதை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் கடிதம் இல்லாமலே காரியம் நடக்கிறது. மாதம் ஏறிய பெண்ணைத் தூரத்து மலைக்கு, ஏற்றமான இடத்துக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கும் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். "உனக்கு ஏலாதும்மா, லயத்துக்குப் போ" என்று இரக்கப்பட்டதுபோல் திருப்பி அனுப்புகிறார்கள். செக்ரோலில் அது அவளாகவே வராத நாளாகிவிடுகிறது.

இதில் போவது ஒரு நாள் கூலி மட்டுமல்ல. பிரசவத்துக்கு முந்திய ஒரு வருடத்தில் 150 நாட்கள் வேலை செய்திருந்தால்தான் பிள்ளைக்காசு கிடைக்கும். இன்று திருப்பி அனுப்பிய நாள், நாளை அந்தக் கணக்கில் துண்டு விழும் நாள். மலையில் கொடுக்காத வேலையைக் காட்டியே ஆபீசில் பிள்ளைக்காசை மறுக்க வழி பிறக்கிறது.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? பிரசவ விடுமுறை 12 வாரம். முன்னர் மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம்தான். பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையைக் கொடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பிரா இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம்.

"கிலோ வராமல் முழுப்பேர் எப்படிப் போடுவது?" என்று நிர்வாகம் கேட்கிறது. நாம் திருப்பிக் கேட்கிறோம்: நாற்றுமேடையிலும் பிள்ளைக்காம்பிராவிலும் பக்கத்து மலையிலும் இலேசான வேலை இல்லையா? அந்த வேலையைக் கொடுத்து முழுப்பேர் போடுங்கள். கொழுந்து எடுக்க வேண்டுமென்றால் கிலோவைக் குறையுங்கள். இது சலுகை அல்ல. இந்த மலைகளுக்கு நாளைய கைகளைப் பெற்றுத் தரும் பெண்ணுக்குரிய நியாயம்.

காணியைப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்குக் காசு தரும் அவுட்குரோவர் முறைக்கும் இதனால்தான் நாம் அஞ்சுகிறோம். "நீ எங்கள் தொழிலாளி அல்ல" என்று கம்பனி சொல்லிவிட்டால், பிள்ளைக்காசை யாரிடம் போய்க் கேட்பது?

சகோதரிகளே, மூன்று காரியங்களை இப்போதே செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானதும் கிளினிக் கார்டின் பிரதியோடு ஆபீசுக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன நாள், திருப்பி அனுப்பப்பட்ட நாள், அனுப்பியவர் யார், போட்ட பேர் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதம் முடிந்ததும் அதைச் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் தோட்டத் தலைவரிடமும் மாதர் தலைவியிடமும் கொடுங்கள். துரையிடம் தீராவிட்டால் அந்தக் கொப்பியோடு தொழில் அலுவலகத்துக்குப் போவோம். வாய்ப்பேச்சை மறுத்துவிடலாம், திகதி போட்டு எழுதியதை அவ்வளவு இலேசாக மறுக்க முடியாது.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று கமிட்டிக் கூட்டத்தின் கடைசியில் தள்ளாதீர்கள். அரைப்பேர் விழுந்தால் குறைவது உங்கள் வீட்டு அடுப்பில் வேகும் அரிசி. மலையில் பெண்களை மேற்பார்க்கும் கங்காணிமாரும் பெரும்பாலும் நம்மவர்களே. நிர்வாகம் சொன்னாலும், வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றத்தில் நிறுத்த மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வரவேண்டும். அப்படிச் சொல்லும் கங்காணிக்குப் பின்னால் சங்கம் நிற்கும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதுவே முதல் விடயமாகட்டும். கொப்பிகளோடு வாருங்கள்.